கால் கழுவினால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

பணிவிடைத் தலைமை, அதாவது தன் கீழுள்ளவர்களுக்குப் பணிசெய்து வழிநடத்துவது, பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேதாகமத்தின் யோவான் 13-இல், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதோடு நின்றுவிடுகிறார்கள். யாத்திராகமம் 18-ஐயும் வாசிக்க வேண்டும். காலைமுதல் மாலைவரை தனியொருவராக வழக்குத் தீர்த்த மோசேயிடம், நீரும் மக்களும் சோர்ந்துபோவீர்கள் என்கிறார் மாமனார் எத்திரோ. அவர் யோசனைப்படி ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கெனத் தலைவர்கள் நியமிக்கப்பட்டார்கள். கடினமான வழக்குகள் மட்டும் மோசேயிடம் வந்தன.

கிறிஸ்தவ நிறுவனங்கள் சறுக்குவதும் இங்கேதான். எல்லாவற்றையும் மேலாளரே இழுத்துப்போட்டுக்கொள்கிறார். அல்லது ‘இது ஊழியம்’ என்று சொல்லி ஓய்வுநாளையும் மிகைநேர ஊதியத்தையும் மறுத்துவிடுகிறார்கள், இது அநியாயம். பணிச்சோர்வு என்பது சரிவரக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெளிவுபடுத்தியது. அதற்குக் காரணம் ஜெபக்குறைவு அல்ல. வேலைப்பளுவைக் குறைக்காமல் தியானக் கூட்டம் மட்டும் நடத்தினால் அது தீராது.

மேலாளர் தன் பணியாளர் ஒவ்வொருவரோடும் வாரம் அரை மணி நேரம் தனியாகப் பேசட்டும். முதல் கேள்வி: ‘உங்களுக்கு எது தடையாக இருக்கிறது?’ சொன்னதில் ஒன்றையாவது அடுத்த சந்திப்புக்குள் சரிசெய்யாவிட்டால், பிறகு யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். விடுப்பில் போகிறவரின் வேலையை யார் பார்ப்பார் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் திரும்பி வரும்போது இரட்டைச் சுமை காத்திருக்கும்.