ஆய்வு மாணவிகளைக் காப்பிப் பறிப்பு மாதத்தில் மலைக்கு அனுப்புங்கள்

சேலம் மாவட்டச் செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கும் முதுநிலை ஆய்வு வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

முதியோர் வீட்டுப் பராமரிப்பு பற்றி வரும் ஆய்வேடுகள் பலவும் ஒரே வார்ப்பு. பராமரிக்கும் வீட்டாருக்கு முன்தேர்வு, படம் காட்டி ஒரு பாடம், சில நாள் கழித்துப் பின்தேர்வு. பாடம் கேட்டவருக்கு மதிப்பெண் ஏறுவது இயல்புதான். ஆனால் "படுக்கைப்புண் வராமலிருக்க, படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்" என்று சரியாக விடை சொன்ன மருமகள் அன்றிரவு எத்தனை முறை திருப்பினார், மாமியாரின் வால் எலும்பு மேல் தோல் எப்படி இருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லாது. விடைத்தாளை விட்டுவிட்டுத் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் முதல்நிலைப் படுக்கைப்புண். கருத்த தோலில் இந்தச் சிவப்பு தெரியாமலே போகும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடா, குளிர்ச்சியா, இறுகியிருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா என்று தொட்டுத்தான் அறிய வேண்டும். படிவத்தில் இதற்குத் தனிக் கட்டம் போடுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர் நிறத்தில் முதல்நிலைப் புண்கள் கணக்கில் வராது. எலும்பு முட்டும் இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறார்களா என்றும் கேட்க வேண்டும். அன்போடு செய்வதுதான், ஆனால் நசுங்கிய திசு அதில் இன்னும் சிதைகிறது.

படுக்கைப்புண் வரும் ஆபத்தை மதிப்பிட 1987-இல் வெளிவந்த பிரேடன் அளவுகோலை உருவாக்கிய பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் இருவரும் செவிலியர்கள். ஆறு பிரிவுகள், மொத்தம் 6 முதல் 23 வரை மதிப்பெண். 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து. அதை அப்படியே ஏற்காட்டு வீட்டுக்குள் கொண்டுபோனால் 'ஈரம்' என்ற பிரிவில் இடறும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும்போது துவைத்த துணி லேசில் காயாது. காய்ந்த பழந்துணி தீர்ந்ததும் அரை ஈரத் துணியையே மடித்துப் போடுகிறார்கள். சிறுநீர் படாமலேயே தோல் ஊறிவிடும். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் 'காய்ந்த துணி எத்தனை மிச்சம்' என்றும் எழுதச் சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய பிழை, தரவு திரட்டும் மாதம். சேர்வராயன் மலையில் அராபிகா காப்பி பறிப்பு கார்த்திகை தொடங்கி தை வரை ஓடும். காலையில் தோட்டத்துக்குப் போனவர் மாலையில்தான் வீடு திரும்புவார். கோடையில் போய் அளந்தால் வீட்டில் ஆள் இருக்கும் மாதத்தை மட்டுமே அளந்திருப்பீர்கள். 2 மணி நேர விதி பறிப்பு நாளில்தான் உடைகிறது. உடைந்த பிறகு எது கைகொடுக்கும் என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வி.

இதே பெர்க்ஸ்ட்ராம் குழு அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் ஆய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டது. அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்தவர்களை 2, 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை எனப் பிரித்துத் திருப்பியதில், புண் வந்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதைக் கோரைப்பாய்க்கும் கட்டிதட்டிய பஞ்சு மெத்தைக்கும் பொருத்திச் சொல்ல முடியாது. அந்த ஃபோம் மெத்தையை இங்கே ஒரு வீட்டில் போட்டு, காலை, மதிய உணவு வேளை, மாலை என்று திருப்பினால் என்ன ஆகும்? யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். காற்று மெத்தை இதற்கு முழு மாற்றல்ல. மின்சாரம் நின்றால் மோட்டாரும் நிற்கும். காற்று இறங்கி, அடியில் ஃபோம் இல்லாத வீட்டில் இடுப்பு நேரே கட்டில் பலகையில் பதியும்.

1987-க்கும் 2013-க்கும் இடையே 26 ஆண்டு. பெர்க்ஸ்ட்ராம் என்ற ஒரு செவிலியர் ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நம்மிடம் மாணவி பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறார், ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போகிறது, அடுத்த அணி புதுத் தலைப்போடு தொடங்குகிறது. கல்லூரிக்கு ஒரு மலை ஊராட்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே வீடுகள், அதே படிவம், ஆண்டுதோறும் அடுத்த அணியின் கையில். வழிகாட்டி ஒருவருக்கு வாரம் 2 நாள் களப்பணியை வகுப்பு நேரமாகவே கணக்கிடுங்கள். அப்போதுதான் இங்கே ஒருவர் ஆய்வாளராக நிலைக்க முடியும்.

ஒப்புதலை முதியவரிடமே கேளுங்கள். மகன் கையெழுத்து அவருடைய சம்மதமாகாது. அவருக்கே நினைவு தடுமாறினால் மட்டும் குடும்பத்தாரிடம் போகலாம். புண் கண்ணில் பட்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்தப் பகுதிக்கு வரும் நோய்த் தணிப்புச் செவிலியருக்கும் தெரிவிக்கும் ஏற்பாடு ஆய்வுத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழு என்று சொல்லி யாரையும் புண்ணோடு காத்திருக்க வைக்கக் கூடாது.

கார்த்திகை பிறப்பதற்குள் வழிகாட்டிகள் ஒருமுறை மேலே வந்தால், வீட்டார் சம்மதித்த வீடுகளுக்கு உடன் அழைத்துப் போகிறோம். வரும்போது ஆளுக்கொரு டார்ச் எடுத்து வாருங்கள். படுக்கை போட்டிருக்கும் உள் அறைகளில் பகலிலும் தோலின் நிறம் தெரியாது.

இப்படிக்கு,
சேர்வராயன் மலை வீட்டுப் பராமரிப்புச் செவிலியர்கள்