பொட்டலம் எந்த வாரம் போய்ச் சேருகிறது?

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் குழு வழங்கும் உணவுப் பொட்டலங்களில் சர்க்கரை நோயாளிகளுக்கானவற்றை இனி நீ கவனிக்கப் போவதாக எழுதியிருந்தாய். பட்டியலைப் பார்த்தேன். பயறு, முட்டை, தீட்டாத தானியம் எல்லாம் சரிதான். டின்னில் அடைத்த காய்கறியை உப்புநீரை வடித்து அலசிச் சமைக்கும்படி மட்டும் சொல்லிவிடு. ஆனால் மருந்துக் கடையிலேயே காலம் கழித்தவன் என்பதால், பொட்டலம் எந்த வாரம் போய்ச் சேருகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மாதத் தொடக்கத்தில் மலிவான மாவுப் பண்டங்களால் வயிற்றை நிரப்புபவர், மாதக் கடைசியில் காசு தீர்ந்து வேளை தவறிச் சாப்பிடுகிறார். மாத்திரையை மட்டும் தவறவிடுவதில்லை. சர்க்கரை மாத்திரைகளில் மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு ஆபத்து குறைவு. கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையோ, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்க வைப்பதால், இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, சிலர் மயங்கியே விழுகிறார்கள். கலிபோர்னியா மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வில், தாழ்சர்க்கரையால் அனுமதிக்கப்பட்ட ஏழை நோயாளிகள் மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகமாக இருந்தனர். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. எண் கூடியிருக்கிறதென்று மருந்தைக் கூட்டினால், அடுத்த கடைசி வாரம் இன்னும் மோசமாகும்.

ஆகவே முதலில் கேட்டுவிடு: கடந்த 12 மாதங்களில், காசு வருவதற்குள் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டாரா? வாங்கியது தீர்ந்து, மேலும் வாங்க வழியில்லாமல் போனதா? வரிசையில் நிற்கவைத்துக் கேட்காதே; யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். ஆம் என்பவரை மருத்துவரிடம் அனுப்பி, சாப்பாடில்லாத நாளில் மருந்தை என்ன செய்வதென்று எழுதி வாங்கச் சொல். தாமாக நிறுத்துவது தவறு. உடலில் இன்சுலினே சுரக்காத முதல் வகை நோயாளி பட்டினி கிடந்தாலும் இன்சுலினை அறவே விடக்கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்குப் பயறின் அளவையும் மருத்துவரே சொல்லட்டும்.

நீ பட்டியலிலிருந்து அடித்த சர்க்கரையை, சிறு பொட்டலமாகத் திரும்பச் சேர். நடுக்கம் வந்தால் 15 கிராம் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க அது வேண்டும். மாதப் பங்கை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கலாமா என்று குழுவினரிடம் பேசிவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா