குண்டு வெடித்தால் முதல் சில நிமிடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை சென்ட்ரலில் 2014 மே 1 அன்று, நின்றிருந்த ரயிலில் இரண்டு குண்டுகள் வெடித்தன. கேட்பாரற்ற பையைக் கண்டால் 139 அல்லது 112-க்குச் சொல்லுங்கள் என்கிறோம். பையருகிலேயே நின்று பேசக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்: தொடாமல் விலகி, கண்ணாடி இல்லாத சுவர் மறைவுக்குப் போன பிறகே அழையுங்கள். வெடித்த இடத்தில் வேடிக்கை பார்க்கக் கூடாது. இரண்டாவது குண்டு இருக்கலாம்.

கை, காலில் ரத்தம் பீறிட்டால் துணியை வைத்து இரு கைகளாலும் பத்து நிமிடம் அழுத்துங்கள். பலர் நடுவில் எடுத்துப் பார்க்கிறார்கள். உறைந்த ரத்தம் கலைந்து மறுபடி பீறிடும். நிற்காவிட்டால் காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, இரண்டு அங்குல அகலத் துணியைக் கட்டிக் குச்சியால் முறுக்குங்கள். கயிறும் ஒயரும் சதையை அறுத்துவிடும். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். மருத்துவருக்கு அது அவசியம்.

இவற்றை நடைமேடைகளில் படத்துடன் எழுதிவைக்க ரயில்வே முன்வர வேண்டும்.

முதலுதவிப் பயிற்சியாளர்கள்,
சென்னை