முப்பது வருஷ வரிசையும் கூழ் வத்தலும்

பாளையங்கோட்டை
8 ஜூன் 2025

மாப்ளே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டாமல் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்கும் கை ஊறிவிட்டது. அச்சகத்தைக் காலி செய்ததில் பாண்ட் பேப்பர் அரை ரீம் மிச்சம் கிடக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கியது, உன் கணக்கில் போகட்டும்.

முதலில் உன் மகள் விஷயம். மே 8 பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே நீ போன் போடுவாய் என்று இருந்தேன். மார்க்கைப் பற்றி நீ இவ்வளவு புலம்ப வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு விவசாயம் படிக்கத்தான் ஆசை என்றால் விடு, படிக்கட்டும். கலந்தாய்வில் கிள்ளிகுளம் கல்லூரியை மேலே போடச் சொல். கோயம்புத்தூரில்தான் படிப்பேன் என்று அவள் பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருக்கிறாய், எனக்குப் புரிகிறது. ஆனால் கிள்ளிகுளத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு பஸ் தூரம்தான். இதில் என் சுயநலமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

"நாற்பத்து நாலு வயசில் எதற்கடா ஆஸ்திரேலியா?" என்று கேட்டிருந்தாய். சொந்தக்காரர்களுக்கெல்லாம் "பிள்ளைகள் படிப்புக்காக" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அதுதான் காரணம் என்றால் நாலு வருஷம் முன்னாடியே கிளம்பியிருக்க வேண்டும். உன் தங்கச்சி அப்போதே கேட்டாள். நான்தான் அச்சகத்தை விட்டு எப்படி வருவது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். 2023 டிசம்பர் வெள்ளம் வந்து அந்தப் பேச்சை முடித்துவைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று நீ டிவியில் பார்த்திருப்பாய். இங்கே தாமிரபரணி ஆறு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தெருத்தெருவாக ஏறியது. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். தை மாசக் கல்யாணங்களுக்கு வாங்கி அடுக்கியிருந்த அட்டை மொத்தமும் ஊறி ஒரே கட்டியாகிவிட்டது. சேற்றை வழித்துவிட்டு மறுபடி திறந்தேன். ஆனால் அதற்குள் ஜனங்களும் பத்திரிகையை போனிலேயே அனுப்பிப் பழகிவிட்டார்கள். நூறு அட்டை அடித்தால் போதும், சாமி முன்னால் வைக்கவும் பெரியவர்களுக்குக் கொடுக்கவும் என்கிறார்கள். நூறு அட்டைக்கு பிளேட் போட்டு, மை தேய்த்து, ஆள் கூலி கொடுத்தால் என்ன மிஞ்சும்?

மினி ஆஃப்செட் அச்சு மெஷினை சிவகாசிக்காரர் ஒருவர் நல்ல விலைக்கே எடுத்துக்கொண்டார். அப்பா வாங்கின டிரெடில் என்ற பழைய அச்சு மெஷினைத்தான் யாரும் கேட்கவில்லை. கடைசியில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஆள் வந்தார். அப்படியே தூக்க முடியாதென்று வாசலில் வைத்தே பிரித்தார்கள். முதலில் அந்தப் பெரிய சக்கரம், அப்புறம் மை உருளைகள், அப்புறம் மை தட்டு. தட்டை கழற்றினபோது அடியில் மையோடு மையாக ஒட்டிக்கொண்டு ஒரு காகிதத் துண்டு இருந்தது. சுரண்டிப் பார்த்தால் யாருடைய பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழோ, "தங்கள் நல்வரவை" வரைக்கும் இருந்தது. எடை போட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மா அன்றைக்குக் கடைப்பக்கமே வரவில்லை. சாயங்காலம் "எவ்வளவு போச்சு?" என்று மட்டும் கேட்டாள். தொகையைச் சொன்னேன். "உங்க அப்பா வாங்கினத விட கூடத்தான்" என்றாள். அதில் அவளுக்கு ஏதோ ஒரு திருப்தி.

உன் தங்கச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வீட்டில் வெளிநாட்டு விசாவுக்குத் தகுதி உள்ள ஆள் அவள் ஒருத்திதான், நானும் பிள்ளைகளும் அவளுக்குப் பின்னால் போகும் மூட்டைகள். நைட் டூட்டி முடித்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஓஇடி என்று நர்ஸ், டாக்டர் மாதிரி ஆட்களுக்கென்றே இருக்கும் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்தாள். அப்புறம் என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் பரீட்சை. அதற்கப்புறம் அடிலெய்ட் வரை போய், நோயாளி மாதிரி நடிப்பவர்களுக்கு முன்னால் நர்ஸ் வேலையைச் செய்து காட்டும் பரீட்சை. போன இடத்தில் காய்ச்சல் வேறு. எல்லாம் பாஸ். நாற்பத்தைந்து வயதைத் தாண்டினால் அந்த விசாவுக்கு வரிசையிலேயே நிற்க முடியாது. அவளுக்கு இப்போது முப்பத்தொன்பது. ஆகவே இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்பதில் அவள் தெளிவாக இருந்தாள்.

"பொண்டாட்டி பின்னாலயா போறீரு?" என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. ஆமாம், பின்னால்தான் போகிறேன். போய் ஆறு மாதம் சமையல், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, அப்புறம் கிடைக்கிற வேலை. போர்டு, பேனர் அடிக்கும் இடங்கள் அங்கே இருக்காதா என்ன? மை நாற்றம் உள்ள இடமாகப் பார்த்துச் சேர்ந்துகொள்வேன்.

கோடையைப் பற்றிக் கேட்டாயே. பெரிய திட்டமெல்லாம் போட்டிருந்தோம். கடைசி லீவு, பிள்ளைகளை நாம் சுற்றின இடத்துக்கெல்லாம் கூட்டிப்போவது, மே முழுக்க வெயில் இருக்கும், ஜூனில் குற்றாலம் என்று. கத்திரி முடியுமுன்பே, மே 24 அன்றே பருவமழை கேரளாவில் இறங்கிவிட்டது. 2009க்கு அப்புறம் இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். குற்றாலத்துக்கு ஓடினோம். மெயின் அருவியில் வெள்ளம், போலீஸ் கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள். பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்து, நனைந்த மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பினோம். சின்னவனுக்கு அதுவே பரம சந்தோஷம். அருவியை விட போலீஸ் விசில்தான் அவனுக்குப் பிடித்திருந்தது.

குறுக்குத்துறைக்கும் போனோம். உனக்கு மனசு கஷ்டப்படும், ஆனாலும் சொல்கிறேன். நாம் முங்கு நீச்சல் அடித்த ஆறு இல்லை அது. சாக்கடை கலக்கிறது என்று கோர்ட் வரைக்கும் போய்விட்ட விஷயம்தானே. படித்துறையில் காலை நனைத்துவிட்டு, "அப்பா இங்கேதான் குளிப்பேன்" என்றேன். மகள் தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "நிஜமாவாப்பா?" என்றாள். பிறகு பாபநாசம் கூட்டிப்போய்த்தான் முங்கவைத்தேன். அங்கே இன்னும் அடியில் கிடக்கும் கல் தெரிகிறது. வரும் வழியில் ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கி, மாங்காய் கீறிப் போட்டுக் குடித்தார்கள். பெரியவள் மூன்று பட்டை. வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை, கருப்பசாமி காப்பாற்றினார்.

அம்மாவுக்கு இந்தக் கோடை வேறு மாதிரி. சித்திரை பிறந்ததிலிருந்து மாடியில் வத்தல் போடுகிறாள். கூழ் வத்தல், மோர் மிளகாய், சுண்டை வத்தல், கொத்தவரங்காய் வத்தல், எல்லாம் சிட்னிக்கு. இரண்டாம் ஈடு கூழ் வத்தல் பிழிந்த அன்று மேகம் போட்டு, மேற்கே இருந்து சாரல் காற்று வந்துவிட்டது. வேட்டியோடு சுருட்டி எடுத்து, அறைக்குள் மின்விசிறி போட்டு இரண்டு நாள் காய்ந்தும் காயாமலும் ஒரு புளித்த வாடை. வீடு முழுக்க அதே வாடை. அவளோ "ஒண்ணும் ஆகாது, பொரிச்சா சரியாயிரும்" என்கிறாள்.

அந்த ஊர் ஏர்போர்ட்டில் தின்பண்டம் எதுவானாலும் இறங்கும்போது அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். விதை, பச்சை இலை, பால் சாமான் என்றால் இன்னும் கெடுபிடி. கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு போகிற கதையெல்லாம் அங்கே நடக்காது. இதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உன் தங்கச்சி முந்திக்கொண்டாள். "அத்தை, அங்க பெண்டில் ஹில்னு ஒரு இடம் இருக்கு. எல்லாம் நம்ம கடைங்க. வத்தல், அப்பளம், கருப்பட்டி கூடக் கிடைக்கும்." நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கடையில கெடைக்கும்னா நான் எதுக்கு?" என்றாள். பிறகு அவளே சமாதானமாகி, எண்ணெய் வாசம் வராதபடி மூன்று கவர் போட்டு ஒட்டி, மேலே என்ன ஏது என்று என்னை எழுதச் சொன்னாள். பெரிய எழுத்தில் இங்கிலீஷில் எழுதிவிட்டேன். ஆபீசர் பார்த்து விட்டால் விடட்டும், குப்பையில் போட்டால் போடட்டும். அவள் கையால் எடுத்துவைத்ததை நான் பெட்டியிலிருந்து எடுக்கப்போவதில்லை.

அம்மா வரவில்லை. உனக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அவளையும் நிரந்தரமாகக் கூட்டிப்போக வழி உண்டா என்று பார்த்தேன். பெற்றோருக்கு விசா இருக்கிறது. சாதாரண வரிசையில் நின்றால் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று அந்த நாட்டு அரசே இணையதளத்தில் போட்டிருக்கிறது. பணம் கட்டுகிற வரிசை என்று இன்னொன்று. அதற்கே பத்து வருஷத்துக்கு மேல், பணமோ நம் ஊரில் ஒரு வீடு கட்டலாம். அம்மாவுக்கு எழுபத்தொன்று. நூற்று ஒன்றில் வரச் சொல்லி ஓலை வரும். இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்குள்ள நீங்களே திரும்பி வந்துருவிய" என்றாள். சுற்றுலா விசாவில் வந்து சில மாதம் இருக்கலாம். வருஷம் ஒரு தடவை கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்றாள், அதுவரைக்கும் சம்மதம்.

அக்கா கோவில்பட்டிக்கு வா என்று அழைத்தாள். அதற்கும் அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். இந்தத் தெரு, இந்த வாசல், காலையில் பால்காரரிடம் ஒரு சண்டை, இது போதுமாம். மாடியை ஒரு கல்லூரி ஆசிரியை குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். ராத்திரி ஒரு ஆள் இருக்கும். ஹாலில் கேமரா ஒன்று மாட்டினோம், அங்கிருந்து போனில் பார்த்துக்கொள்ள. மறுநாள் அதன்மேல் துண்டு தொங்குகிறது. எடுத்தால் மறுபடி தொங்குகிறது. இப்போது அதன் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், வருகிற போகிற ஆளாவது தெரியட்டும்.

பிள்ளைகள் கதை: இங்கே கோடை லீவு முடிந்து போகிறோம், அங்கே இறங்கினால் குளிர்காலம். பள்ளிக்கூடம் ஜனவரி கடைசியில் தொடங்குகிற ஊர் அது. ஆகவே நடு வருஷத்தில் போய் உட்காரப்போகிறார்கள். ஜூன் 2 அன்று தெருவில் மற்ற பிள்ளைகளெல்லாம் புது யூனிஃபார்மில் போனபோது பெரியவள் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. பழைய பள்ளிக்குப் போய் டி.சி. வாங்கிய அன்று அழாதவள் அன்றைக்கு அழுதாள். தேற்றுவதாக நினைத்து, அங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் தமிழும் எடுத்து எழுதலாம் என்று சொன்னேன். "அங்கயுமா தமிழ்ப் பரீட்சை?" என்று அழுகையை நிறுத்திவிட்டுக் கோபப்பட்டாள். எப்படியோ அழுகை நின்றது.

வீட்டுக்கு வருகிறவர்கள்தான் தாங்க முடியவில்லை. வந்து உட்கார்ந்ததும் அத்தைமார் கண்ணைக் கசக்குகிறார்கள், எங்களை வழியனுப்ப வந்தார்களா துட்டி கேட்க வந்தார்களா என்றே தெரியவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, மாப்ளே. நான் சொன்ன அந்தக் கடைகள், மேஸ் ஹில்லில் வைகாசிக் குன்று என்று பெயர் வைத்துக் கட்டியிருக்கும் முருகன் கோயில், சனி ஞாயிறு தமிழ்ப் பள்ளிகள், இதிலெல்லாம் பெரும்பங்கு இலங்கைத் தமிழர்கள் உழைப்பு. 1983 கலவரத்துக்குப் பிறகு அவர்களில் எத்தனையோ பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள். வீட்டையும் விட்டு, செத்தவர்களுக்குக் காரியம் கூடச் செய்ய முடியாமல் போனவர்கள். என் வீட்டை யாரும் எரிக்கவில்லை. வேலை உத்தரவு, ரிட்டர்ன் வர வசதி, மாடிக்கு வாடகை எல்லாம் வைத்துக்கொண்டு போகிறேன். எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு ஒரு அளவு இருக்கிறது, அதைத் தாண்டி அழுதால் நடிப்பாகிவிடும்.

ஒன்றே ஒன்றில்தான் ஆற்றாமை. நெல்லையப்பர் ஆனித் தேர் இந்த வருஷம் ஜூலையில் வருகிறது, நாங்கள் ஜூன் கடைசியில் கிளம்புகிறோம். போன வருஷம் வடம் அறுந்து அறுந்து போய், மாற்று வடம் வரும்வரை ரத வீதியில் வெயிலில் நின்றேனே, அப்போது "சரி, அடுத்த வருஷம் ஒழுங்காப் பாத்துக்கலாம்" என்று பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் தங்கச்சி ஜூலை முதல் வாரம் வேலையில் சேர வேண்டும், டிக்கெட்டை மாற்ற முடியாது.

நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து சிங்கப்பூர் வழியாக சிட்னி. ரயில் மதுரைக்கு வரும்போது ராத்திரி நேரமாகிவிடும். நீ ஸ்டேஷனுக்கு வராதே. இரண்டு நிமிஷத்தில் பெட்டிகளுக்கு நடுவே நின்று என்ன பேசுவது? அதற்கு முந்தின ஞாயிறு குடும்பத்தோடு வீட்டுக்கு வா. அம்மா சொதியும் இஞ்சிப் பச்சடியும் செய்வதாகச் சொல்லிவிட்டாள். மகளையும் கூட்டி வா. கிள்ளிகுளம் கிடைத்தால் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து போகட்டும், சாப்பாட்டுக்குச் சாப்பாடு, அம்மாவுக்குப் பேச ஆள். நான் சொன்ன சுயநலம் இதுதான்.

அப்புறம், என் ஸ்கூட்டரை நீ எடுத்துக்கொள்கிறாயா? ஆர்.சி. மாற்றுவதற்கான தாள்களில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுகிறேன். பணத்தைப் பற்றி வாயைத் திறக்காதே. பின் டயர் மட்டும் மாற்ற வேண்டும்.

உன்
மச்சான்