வயர்லெஸ் கேமிங் ஹெட்செட் தயாரிப்பவர்களுக்கு: பெட்டியில் இதையும் அச்சிடுங்கள்

ஹெட்செட் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், பெட்டியில் எதை அச்சிடலாம் என்று முடிவு செய்பவர்களுக்கும் வணக்கம்.

மூன்று வாரமாக இரண்டு ஹெட்செட்டுகளில் எதை வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்று ஸ்டீல்சீரிஸின் ஆர்க்டிஸ் நோவா ப்ரோ வயர்லெஸ், இன்னொன்று ஆடிஸியின் மேக்ஸ்வெல். இரண்டுமே விலை கூடிய ரகம். இரண்டையும் அக்கறையோடு செய்திருக்கிறார்கள். ஆனால் தேர்ந்தெடுப்பதற்கு உண்மையில் உதவும் விவரங்கள் பெரும்பாலான பெட்டிகளில் இருப்பதில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி. இதற்கு முன் நான் வைத்திருந்தது வேறொரு ஹெட்செட். வாங்கிய புதிதில் ஒருமுறை சார்ஜ் போட்டால் மூன்று நாள் மாலை ஆட்டத்துக்குத் தாங்கியது. இரண்டு வருடம் கழித்து ஓர் ஆட்டம் முடிவதற்குள் அணைந்துவிடும் நிலைக்கு வந்தது. ஒலி அப்படியே இருந்தது, மைக் நன்றாக இருந்தது, காது மெத்தைகூடக் கிழியவில்லை. பேட்டரி மட்டும் போய்விட்டது. அதைத் தனியாக விற்கவும் இல்லை, கழற்றி மாற்றும்படி வைக்கவும் இல்லை. நல்ல பொருள் ஒன்று, அதன் மிகச் சிறிய பாகத்துக்காக வீணாவதைப் பார்க்க மனம் வரவில்லை.

எனவே நோவா ப்ரோ வயர்லெஸ் உடனே பிடித்துப்போனது. அதற்கு இரண்டு பேட்டரிகள். ஒன்று ஹெட்செட்டில் இருக்கும்போது மற்றொன்று மேசைமேல் வைக்கும் அதன் இணைப்புக் கருவியில் சார்ஜ் ஆகும். ஒவ்வொன்றும் 22 மணி நேரம் வரை வரும் என்கிறார்கள். மேக்ஸ்வெலில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, ஆனால் 80 மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்கிறார்கள். சரி, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தினம் நான்கு மணி நேரம் ஆடினால் வருடத்துக்கு 1,460 மணி நேரம். 80 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்குப் பதினெட்டு முழு சார்ஜ்தான். 22 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் அறுபத்தாறு, அதை இரண்டு பேட்டரிகளுக்குப் பிரித்தால் தலா முப்பத்துமூன்று. அப்படியானால் சார்ஜ் ஏறி இறங்குவதால் வரும் தேய்மானம், கழற்ற முடியாத பேட்டரிக்குத்தான் குறைவு! இது எனக்கே வியப்பாக இருந்தது. ஆனால் லித்தியம் அயான் பேட்டரி சும்மா இருந்தாலும் வயதாகும், சூடு பட்டால் சீக்கிரம் வயதாகும். அப்போது மாற்ற வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எத்தனை சார்ஜ் சுற்றுக்கு (முழுதாக ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு சுற்று) பிறகு கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும், புதிய பேட்டரி விற்பீர்களா, எத்தனை வருடத்துக்கு விற்பீர்கள்? இந்த மூன்றையும் அச்சிடுங்கள். முடியாத காரியம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் ஸ்மார்ட்போன்களின் லேபிளில் பேட்டரியின் சார்ஜ் சுற்று எண்ணிக்கையைப் போடுகிறார்கள். கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே மாற்ற முடிய வேண்டும் என்ற விதியும் அங்கே 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. சட்டம் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமா?

அடுத்தது மைக். ப்ளூடூத்தில் பாட்டு கேட்கும்போது நன்றாக இருக்கும் ஹெட்செட், பேசுவதற்காக மைக்கைத் திறந்ததும் பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். வழக்கமான ப்ளூடூத் அழைப்பு முறையில் ஒலியை நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் பதிவு செய்கிறார்கள், அதனால் குரலின் மேல் பகுதி வெட்டுப்படுகிறது. டாங்கிள் (கணினியில் செருகும் சிறு கருவி) வழியாக வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு இதைவிட மேல், தாமதமும் குறைவு. ஆனால் அதிலும் மைக்கின் தரம் ஹெட்செட்டுக்கு ஹெட்செட் மாறுகிறது. காதுக்கு வரும் ஒலிக்கு 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று பெருமையாக அச்சிடுகிறீர்கள். மனிதக் காது கேட்பதே சுமார் 20,000 வரைதான், வயதாக ஆக அதுவும் குறையும். அந்த இடத்தில் மைக் எத்தனை ஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யும் என்பதைப் போடுங்கள். பெட்டியில் ஒரு க்யூஆர் கோடு வைத்து, எந்தத் திருத்தமும் செய்யாத ஒரு நிமிடக் குரல் பதிவைக் கேட்க விடுங்கள். என் குரலை நான் கேட்கப் போவதில்லை, என் கூட ஆடுகிறவர்கள்தான் கேட்கிறார்கள்.

அப்புறம் தலையை அழுத்தும் விசை. எடையைப் போடுகிறீர்கள், விசையைப் போடுவதில்லை. கண்ணாடி போடுகிறவர்களுக்கு எடையைவிட அதுதான் முக்கியம், ஏனென்றால் மெத்தை கண்ணாடிக் காம்பைத் தலையின் பக்கவாட்டோடு சேர்த்து அழுத்தும்.

நண்பர் ஒருவரிடம் மேக்ஸ்வெல் இருக்கிறது. ஒரு மாலை முழுக்க அதைப் போட்டுக்கொண்டு ஆடினேன். காந்தங்களின் புலத்தில் ஒரு மெல்லிய படலம் முழுப் பரப்பும் அசைந்து ஒலி எழுப்பும் பிளேனார் வகை அது, 90 மில்லிமீட்டர் அகலம். எதிராளியின் காலடி இடது பக்கம் பின்னாலிருந்து வருகிறது என்பது மட்டுமல்ல, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதும் புரிந்தது. அந்தத் தெளிவை மறக்க முடியவில்லை. ஆனால் காந்தங்களுக்கு எடை உண்டு. மேக்ஸ்வெல் 490 கிராம், நோவா ப்ரோ சுமார் 340. மூன்றாவது மணி நேரத்தில் என் கழுத்து அந்த 150 கிராமை உணர்ந்துவிட்டது.

நோவா ப்ரோவையே வாங்கினேன். ஒலிக்காக மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் மேக்ஸ்வெல்தான்.

பழைய ஹெட்செட் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அதற்கு ஏற்ற பேட்டரியை விற்பனைக்கு வையுங்கள், அன்றைக்கே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தினமும் ஹெட்செட்டோடு இருக்கும் ஓர் ஆட்டக்காரர்