மேல்மாடியில் நாங்கள், கீழே லேத்

சியோல்
நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே?

போனில் பேசும்போதெல்லாம் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சொல்வதில் பாதி உங்கள் காதில் விழுவதில்லை. பட்டறை மாடியை போட்டோ ஸ்டுடியோவுக்கு வாடகைக்கு விடலாமா என்று கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன், உங்களுக்கு என்ன கேட்டது என்று தெரியாததால் எழுதிவிடுகிறேன். பதில் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிற்ப வேலை செய்யும் முல்லே, சியோலின் யோங்தெங்போ பகுதியில் இருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் உயரமான அடுக்குமாடிக் குடியிருப்புகள். இந்தப் பக்கம் ஒடுக்கமான சந்துகள், தகரக் கூரைகள், வெல்டிங் தீப்பொறி, கூலண்ட் எண்ணெய் வாசனை. நம் ஊர் கணபதிப் பகுதியில் இருக்கும் நம் தெருவைப் பெயர்த்தெடுத்து வைத்ததுபோல் இருக்கிறது. போதாக்குறைக்கு, ஜப்பானியர் ஆண்ட காலத்தில் இங்கே முதலில் வந்தவை நூற்பாலைகளாம். கோயம்புத்தூரில் பிறந்தவளுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வராமல் இருக்குமா? பக்கத்தில் ஒரு பெரிய ஆலை இருந்த இடத்தில் 2009-இல் ஷாப்பிங் மால் திறந்துவிட்டார்கள். 1940-களில் தொழிலாளர்களுக்குக் கட்டிய தாழ்வான வீடுகள் மட்டும் ஒரு மூலையில் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்குள் இப்போது லேத்தும் மில்லிங் மெஷினும் ஓடுகின்றன.

இரும்புப் பட்டறைகள் 1960-களிலிருந்து வரத் தொடங்கின. நகரின் நடுவே சொங்கேசொன் ஓடைக் கரையில் இருந்தவர்களில் பலரும் பிறகு இங்கே வந்து சேர்ந்தார்கள். 1997 பொருளாதார நெருக்கடி பலரைக் கவிழ்த்துவிட்டது. தாக்குப்பிடித்தவர்களிலும் சிலர் சிஹங், ஆன்சான் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்குப் போய்விட்டார்கள். மேல்மாடிகள் காலியாகின. அதே சமயத்தில் ஹொங்தே பகுதியில் வாடகை ஏறியதால், அங்கிருந்த ஓவியர்களும் சிற்பிகளும் நாடகக்காரர்களும் இந்த மாடிகளைத் தேடி வந்தார்கள். 2010-இல் நகரத்தின் கலை அறக்கட்டளை இங்கே ஒரு கலைக்கூடம் திறந்த பிறகுதான் ஊர் உலகத்துக்கு முல்லே தெரிந்தது.

எங்கள் ஸ்டுடியோ மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு அம்மா பார்த்தால் ஏறவே மாட்டாள், அவ்வளவு செங்குத்து. வாடகையைச் சிலர் பங்கிட்டுக்கொள்கிறோம். பகல் முழுவதும் கீழே இரைச்சல், ஆனால் அதனால் எங்களுக்கு லாபம்தான். நாங்கள் கிரைண்டர் போட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மாலையில் ஷட்டர்கள் இறங்கியதும் நாடகக்காரர்கள் ஒத்திகையைத் தொடங்குவார்கள். மதியச் சோற்றுக்கு எல்லோருக்கும் ஒரே கடை: சோறு, கிம்ச்சி, ஒரு குழம்பு, நான்கைந்து சிறு தொட்டுகைகள். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுபவரின் நகக்கண்ணில் கருப்பு எண்ணெய் இருக்கும், என் நகக்கண்ணிலும் இருக்கும். அதனால்தானோ என்னவோ, என்னிடம் சீக்கிரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு சிற்பத்துக்கு அலுமினியத்தில் கூம்பு வடிவத் துண்டுகள் தேவைப்பட்டன. பாத்திரப் பட்டறைகளில் ஸ்பின்னிங் போடுவார்களே, அதே வேலை. எழுபதை நெருங்கும் ஒருவர் செய்து கொடுத்தார். வட்டத் தகட்டை மர அச்சின்மேல் இறுக்கிச் சுழலவிட்டு, நீண்ட இரும்புத் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்தார். கையால் தள்ளுவதாகவே தெரியவில்லை, இடுப்பு மட்டும் மெல்லத் திரும்பியது. தகடு அச்சோடு படிந்துகொண்டே போயிற்று. நடுவில் சத்தம் லேசாக மாறியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் உடனே நிறுத்திக் கொஞ்சம் மசகு தடவிவிட்டுத் தொடர்ந்தார். உங்கள் நினைப்புத்தான் வந்தது, காதாலேயே அளவு பார்க்கிற ஆள்.

தகடு வெட்டியது ஒரு பட்டறை, ஸ்பின்னிங் ஒன்று, வெல்டிங் ஒன்று, பாலிஷ் இன்னொன்று. எல்லாம் ஒரே சந்தில். காலையில் கொடுத்த வேலை மாலையில் கைக்கு வந்தது. இங்கே முக்கால்வாசிப் பேர் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்கிறவர்கள், ஒருவரை நம்பி ஒருவர். சங்கிலியில் நான்கைந்து கண்ணி போனால் மிச்சமிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அதனால்தான், எல்லாப் பட்டறைகளையும் ஒட்டுமொத்தமாக ஊருக்கு வெளியே ஓரிடத்துக்கு மாற்றலாம் என்று உள்ளூர் நிர்வாகம் சில ஆண்டுகளாகப் பேசிவருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகள். பணம் யார் கொடுப்பது, எங்கே போவது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.

அதற்குள் காபிக் கடைகள் முந்திக்கொண்டன. துருப்பிடித்த ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே மட்டும் மஞ்சள் விளக்கு போட்டு, ஒரு கோப்பை காபியைச் சாப்பாட்டு விலைக்கு விற்கிறார்கள். வார இறுதியில் கேமராவோடு கூட்டம். ‘படம் எடுக்காதீர்கள்’ என்று பல பட்டறைகளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். குனிந்து வேலை செய்கிறவரின் முதுகைக் கேட்காமல் படம் எடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

கலைஞர்கள் வந்ததால்தான் வாடகை ஏறியது என்று சிலர் எங்களைத் திட்டுகிறார்கள். எங்களால்தான் இந்த இடம் பிழைத்தது என்று எங்களில் சிலர் மார்தட்டுகிறார்கள். இரண்டையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. நாங்கள் வருவதற்கு முன்பே மாடிகள் காலி. சுவரில் படம் வரைந்ததால் கீழே இருப்பவருக்கு ஓர் ஆர்டர்கூடக் கூடவில்லை. அவருக்குப் பிறகு அந்த மெஷினைப் பிடிக்க ஆள் இல்லை, பிள்ளைகள் அலுவலக வேலைக்குப் போய்விட்டார்கள். எங்களில் யாராவது வேலை கொடுத்துக் காசு கொடுத்தால் மட்டும்தான் அவருக்கு உபயோகம். ஆக மொத்தத்தில் லாபம் பார்த்தது கட்டட உரிமையாளர்தான். மேலே இருக்கும் நாங்களும் வாடகைக்காரர்கள், கீழே இருப்பவர்களிலும் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். 2018-இல் சட்டம் திருத்திக் கடை வாடகைதாரருக்குப் பத்து ஆண்டு வரை புதுப்பித்துக்கொள்ளும் உரிமை கொடுத்தார்கள். முப்பது ஆண்டாக ஒரே இடத்தில் இருப்பவருக்கு அது எந்த மூலைக்கு?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாராளமாக வாடகைக்கு விடுங்கள். இடம் நம்முடையது, அந்த ஒன்றுதான் இங்கே இவர்களிடம் இல்லாதது. மாடியை மட்டும் கொடுங்கள். முன்பக்க ஷெட்டைக் கேட்டால் எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பகலில் லேத் ஓடும், சத்தம் வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு அவர்களே உங்கள்மேல் புகார் கொடுப்பார்கள். நம் பக்கத்துப் பட்டறைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அவர்கள் இடத்தை விற்றுவிட்டுப் போனால் உங்களுக்கு மில்லிங் போட்டுத் தர ஆள் இருக்காது.

ஸ்பின்னிங் போட்டவர், என் அப்பா லேத் வைத்திருக்கிறார் என்றதும் என்ன மெஷின், எத்தனை அடி பெட் என்று விடாமல் கேட்கிறார். படம் ஒன்று அனுப்புங்கள். சக்கும் கியர் பாக்ஸும் நன்றாகத் தெரிய வேண்டும். பின்னால் அம்மாவின் துணிக்கொடி வராமல் தம்பியை எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்