மேடையில் சொன்னதும் தாளில் எழுதியதும்

அன்புள்ள கயலுக்கு,

"அரசாங்கம் வெளிநாட்டுக் காலநிலை மாநாட்டில் போய் வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறது. நாடாளுமன்றம் கைதட்டுவதைத் தவிர வேறென்ன செய்துவிடும்?" என்று போனில் கோபமாகக் கேட்டாய். அது போனில் பேசித் தீர்கிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பல நாட்டு உறுப்பினர்களுக்காக நீ தயாரிக்கும் ஆய்வுக் குறிப்புக்கு ஏதாவது உதவுமென்றால் எடுத்துக்கொள். காலநிலை அறிவியல் எனக்குத் தெரியாது. ஆனால் சட்டமன்றச் செயலகத்தில், அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்குகளைப் பின்தொடரும் அரசு உறுதிமொழிக் குழுவின் கோப்புகளோடு காலம் தள்ளியவளுக்கு, அமைச்சர்கள் எப்படி வாக்குக் கொடுப்பார்கள், எப்படி நழுவுவார்கள் என்பது நன்றாகவே தெரியும்.

உன் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தியாவில் ஒரு சர்வதேச ஒப்பந்தத்தை ஏற்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. அமைச்சரவை முடிவெடுத்தால் போதும். அதை நிறைவேற்றப் புதுச் சட்டம் வேண்டியிருந்தால்தான், அரசமைப்பின் 253ஆவது பிரிவின்படி விஷயம் அவைக்கு வரும். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தை 21 அமர்வு நாள்கள் அவை முன் வைக்க வேண்டும்; கீழவை நினைத்தால் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம். அமெரிக்க செனட்டுக்கு இன்னும் வலு அதிகம். புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் கட்டுப்படுத்த வந்த கியோட்டோ ஒப்பந்தம் உருவாவதற்கு முன்பே, 1997 ஜூலையில், வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு வைக்காத ஒப்பந்தம் எங்களுக்கு வேண்டாம் என்று 95க்கு 0 என்ற வாக்கில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். கியோட்டோ செனட்டின் வாசலுக்கே போகவில்லை. அடுத்த காலநிலை ஒப்பந்தமான பாரிஸ் ஒப்பந்தம் வந்தபோது வாசலையே தவிர்த்துவிட்டு, 2016இல் அதிபர் தன் அதிகாரத்தில் சேர்ந்தார். அடுத்து வந்தவர் விலகினார், அதற்கடுத்தவர் 2021இல் திரும்பச் சேர்த்தார், 2025இல் மறுபடியும் விலகல் உத்தரவு.

இதெல்லாம் பெரிய சண்டை, செய்தித்தாளில் வந்துவிடும். எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஒப்பந்தம் அவைக்கு வருகிற நாட்டிலும் அது ஒருமுறைதான் வரும். எந்த நாடு உமிழ்வை எவ்வளவு குறைக்கும் என்ற எண் பாரிஸ் ஒப்பந்தத்தில் கிடையாது. அந்த எண்களை ஒவ்வொரு நாடும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் தேசியப் பங்களிப்பு ஆவணத்தில் தானே எழுதி ஐ.நா.விடம் கொடுக்கிறது. அந்த ஆவணம் தனி ஒப்பந்தம் இல்லை என்பதால், ஒப்பந்தங்களுக்கென்று உள்ள நாடாளுமன்ற நடைமுறை அதற்குப் பொருந்தாது. வாசலில் காவல் வைத்திருக்கிறார்கள், சரக்கு கொல்லைப்புறமாக வருகிறது.

எண்ணை எட்டாவிட்டால் வெளியே யாரும் தண்டிக்கப் போவதுமில்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் 15ஆவது பிரிவு அமைத்த குழுவுக்குத் தண்டிக்கும் வேலை இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து ஒன்று சொன்னது; அந்த எண்ணை நாடுகள் தம் இஷ்டப்படி எழுதிவிட முடியாது, கடுமையான கவனத்தோடு முயல வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனாலும் அமைச்சரை நேரில் நிற்கவைத்துக் கேட்கிற இடம் அவரவர் நாட்டு அவைதான்.

சரி, என்ன கேட்பது? இங்கேதான் உன் குறிப்பு உறுப்பினர்களுக்கு உதவ வேண்டும். "வாக்கைக் காப்பாற்றினீர்களா?" என்று கேட்டால் அமைச்சர் பத்து நிமிடம் சந்தோஷமாகப் பேசுவார். எந்த வாக்கு என்று முதலில் நிர்ணயித்துக்கொள்ள வேண்டும்.

கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டையே எடுத்துக்கொள். 2021 நவம்பர் 1 அன்று இந்தியப் பிரதமர் மேடையில் ஐந்து விஷயம் சொன்னார்: 2030க்குள் புதைபடிவமல்லாத (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராத) மின்திறன் 500 ஜிகாவாட், எரிசக்தித் தேவையில் பாதி புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து, எதிர்பார்க்கப்படும் மொத்த உமிழ்வில் நூறு கோடி டன் குறைப்பு, பொருளாதாரத்தின் உமிழ்வுச் செறிவில் (ஒரு ரூபாய் உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வு என்ற கணக்கில்) 45 சதவீதக் குறைப்பு, 2070இல் நிகர பூஜ்ஜியம் (வெளியிடுகிற அளவுக்கு நீக்கியும் விடுவது). 2022 ஆகஸ்டில் அமைச்சரவை ஒப்புதலோடு ஐ.நா.வுக்குப் போன ஆவணத்தை எடுத்துப் பார். 45 சதவீதம் இருக்கிறது, 2005ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து. 500 ஜிகாவாட் இலக்காக இல்லை. நூறு கோடி டன்னும் இல்லை. "எரிசக்தித் தேவையில் பாதி" என்றது "நிறுவப்பட்ட மின்திறனில் சுமார் பாதி" என்று ஆகிவிட்டது. அதுவும் தொழில்நுட்பப் பகிர்வும் குறைந்த செலவிலான சர்வதேச நிதியும் கிடைத்தால் என்ற நிபந்தனையோடு.

இதை ஏமாற்று என்று எழுதிவிடாதே. தாளில் எழுதும்போது எல்லா அரசாங்கமும் எச்சரிக்கையாகத்தான் எழுதும், அதற்கு நியாயமான காரணங்களும் இருக்கலாம். ஆனால் காரணத்தைக் கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. அதற்கு அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நிறுவப்பட்ட திறனில் பாதி என்ற இலக்கை 2025இலேயே எட்டியாயிற்று என்று அரசு அறிவித்தது, உண்மையும்கூட. சூரிய மின்தகடு இரவில் சும்மா இருக்கும், அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே உற்பத்தியான மின்சாரத்தில் புதைபடிவமல்லாத மூலங்களின் பங்கு எவ்வளவு என்பது அடுத்த துணைக்கேள்வி. செறிவு விஷயமும் இப்படித்தான்: உற்பத்தி மதிப்பு உமிழ்வைவிட வேகமாக வளர்ந்தால் செறிவு குறையும், மொத்த உமிழ்வோ ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே பதிலில் கேட்டு வாங்கச் சொல்.

பிரிட்டன் கதை உனக்குப் பிடிக்கும். அங்கே 2008இலேயே காலநிலைச் சட்டம் வந்துவிட்டது. ஐந்தாண்டுக்கு ஒரு உமிழ்வு வரம்பு, ஆலோசனை சொல்லத் தனிக் குழு, வரம்பை எப்படி எட்டப்போகிறோம் என்று நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தரும் கடமை எல்லாம் உண்டு. அப்படியிருந்தும், 2050க்கு நிகர பூஜ்ஜியம் என்ற இலக்கு 2019 ஜூனில் கீழவையில் ஒன்றரை மணி நேர விவாதத்தோடு, வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. எல்லாக் கட்சியும் தலையாட்டுகிற நாளில்தான் நான் அதிகம் பயப்படுவேன். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

பிறகு 2022இல் சுற்றுச்சூழல் அமைப்புகள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் அரசின் நிகர பூஜ்ஜியத் திட்டம் சட்டப்படி இல்லை என்றது. கணக்கிட்ட கொள்கைகளையெல்லாம் கூட்டினால் ஆறாவது ஐந்தாண்டு வரம்புக்குத் தேவையான குறைப்பில் 95 சதவீதம்தான் வந்தது. மீதி ஐந்து சதவீதம் எங்கிருந்து வரும் என்பதற்கு எண் இல்லை. அந்த இடைவெளி நாடாளுமன்றத்துக்குத் தந்த அறிக்கையில் சொல்லப்படவும் இல்லை. ஐந்து சதவீதம் சின்னது என்று தோன்றும். அதை அவைக்குச் சொல்லாததும் அங்கே குற்றம்தான். திருத்தி எழுதிய திட்டமும் 2024 மே மாதம் நீதிமன்றத்தில் தோற்றது. உன் குறிப்பில் இதற்குத் தாராளமாக இடம் கொடு. டென்மார்க்கின் 2020ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு பத்தி போதும்: அமைச்சர் ஆண்டுதோறும் அவைக்கு வந்து கணக்குச் சொல்ல வேண்டும், இலக்கை எட்டுவோம் என்று காட்ட முடியாவிட்டால் புதிய நடவடிக்கைகளோடு வர வேண்டும்.

சட்டம் இல்லாத நாட்டில் என்ன செய்வது என்று கேட்பாய். அங்கேதான் என் பழைய குழு மாதிரியான குழுக்கள் உதவும். இந்திய மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு 1953 முதல் இருக்கிறது. அமைச்சர் அவையில் "பரிசீலனையில் உள்ளது" என்றாலே அது உறுதிமொழிப் பட்டியலில் ஏறிவிடலாம். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் காரணம் சொல்லி நீட்டிப்புக் கேட்க வேண்டும். கோப்பு அதுபாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், அமைச்சர் மாறினாலும். 2070 என்று சொன்னவர்கள் யாரும் அப்போது பதவியில் இருக்க மாட்டார்கள், ஆகவே வெளிநாட்டு மேடையில் சொன்னதை உள்நாட்டு அவையில் ஒரு பதிலாகச் சொல்லவைப்பதுதான் சாமர்த்தியம். சொல்லிவிட்டால் அது பதிவு. பாரிஸ் ஒப்பந்தப்படி நாடுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். முதல் சுற்றுக்கு 2024 டிசம்பர் 31 கெடு. அதில் அரசாங்கமே எழுதிய எண்களிலிருந்து கேள்வி தயாரித்தால் அமைச்சரால் மறுக்க முடியாது.

பணத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் சேர். வளரும் நாடுகளின் காலநிலைப் பணிகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகனில் சொன்னதை, அவர்கள் தரப்புக் கணக்கின்படியே 2022இல்தான் எட்டின. 2024இல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த மாநாட்டில் 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்றார்கள். கொடுக்கிற நாட்டு உறுப்பினருக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடு: இதில் நம் பங்கு எந்த பட்ஜெட் தலைப்பில் இருக்கிறது, அதில் கடன் எவ்வளவு கொடை எவ்வளவு, பழைய உதவி நிதியிலிருந்து பெயர் மாற்றி எடுத்தது எவ்வளவு? பெறுகிற நாட்டு உறுப்பினருக்கு ஒன்றே போதும்: நிதி கிடைத்தால் செய்வோம் என்று எழுதிய பகுதிக்கு இதுவரை எவ்வளவு வந்தது, அது எந்தத் துறைக்குப் போனது?

வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்பு. பென்சிலோடுதான் படிப்பேன், கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா